வாள் பல் "புலி", புலியே அல்ல!

யானைக்குத் தந்தம் உண்டு. காட்டுப் பன்றிக்குக் கோரைப் பல் உண்டு. புலிக்குத் தந்தம் உண்டா?

கிடையாது. ஆனால் தந்தம் போன்ற இரண்டு பற்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பயங்கர மிருகம் இந்த உலகத்தில் திரிந்தது. அது வாயை மூடினாலும் அந்தப் பற்கள் வெளியே தெரியும். வளைந்த கத்தி போல அவை மேல் தாடையில் இருந்து கீழே இறங்கி இருக்கும்.

அந்தப் பல்லின் நீளம் எவ்வளவு தெரியுமா? பெரிய மிருகத்தின் பல், வேரோடு சேர்த்து 28 சென்டி மீட்டர். அதாவது 11 அங்குலம். ஒரு சாணுக்கும் அதிகம்! தாடைக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது மட்டும் ஏறக்குறைய 7 அங்குலம். பல்லின் ஓரத்தில் ரம்பம் போல நுண்ணிய பற்கள் வேறு!

இந்த மிருகத்தை "வாள் பல் புலி" என்று உலகம் முழுவதும் அழைக்கிறார்கள். படக் கதைகளில் போடுகிறார்கள். சினிமாவில் காட்டுகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம். அது புலி அல்ல. புலிக்கு அண்ணனும் அல்ல, தம்பியும் அல்ல. பாட்டனும் அல்ல!

அப்படியானால் அது யார்? அதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைக் கேளுங்கள்.

நோய்க்குப் பயந்து வந்தவர்

டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகன். அங்கே 1801-ம் ஆண்டில் பிறந்தவர் பீட்டர் வில்லெம் லுண்ட். அவருடைய சகோதரர்கள் காசநோயால் இறந்தார்கள். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது.

"இந்தக் குளிர் நாட்டில் இருந்தால் நமக்கும் அதே கதிதான்" என்று லுண்ட் பயந்தார். வெயில் அடிக்கும் நாட்டுக்குப் போய்விட முடிவு செய்தார். 1825-ம் ஆண்டில் கப்பல் ஏறி, தென் அமெரிக்காவில் உள்ள பிரேசிலுக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பினார். 1833-ம் ஆண்டில் மீண்டும் பிரேசிலுக்கே வந்தார். அதன் பிறகு அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

பிரேசிலில் லாகோவா சாந்தா என்ற சிற்றூர். அதைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறைகள். பாறைகளுக்குள் எண்ணற்ற குகைகள். குகை மண்ணில் வெடியுப்பு கிடைக்கும். வெடி மருந்து செய்வதற்காக அதை வெட்டி எடுத்தார்கள். மண்ணை வெட்டும்போது எலும்புகளும் வந்தன.

லுண்ட் அந்த எலும்புகளைப் பார்த்தார். அவ்வளவுதான்! அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். சுமார் 10 ஆண்டுகள் குகை குகையாக ஏறி இறங்கினார். அவர் நுழைந்து பார்த்த குகைகள் 800-க்கும் மேல். பீட்டர் ஆண்ட்ரியாஸ் பிராண்ட் என்ற நார்வே நாட்டு ஓவியர் அவருக்குத் துணையாக இருந்து, எலும்புகளைப் படம் வரைந்து கொடுத்தார்.

முதலில் "கழுதைப்புலி"!

ஒரு குகையில் லுண்டுக்குச் சில கடைவாய்ப் பற்கள் கிடைத்தன. ஏதோ பெரிய மாமிசப் பிராணியின் பற்கள். அவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கழுதைப்புலியாக இருக்க வேண்டும்" என்று நினைத்தார். 1839-ம் ஆண்டில் கழுதைப்புலி என்றே பெயரும் கொடுத்தார்.

ஆனால் அவர் தோண்டுவதை நிறுத்தவில்லை. மேலும் எலும்புகள் கிடைத்தன. கால் எலும்பு வந்தது. அந்த நீண்ட கத்திப் பல்லும் வந்தது. கழுதைப்புலிக்கு ஏது இப்படிப் பல்? லுண்ட் தம் முடிவை மாற்றிக்கொண்டார். "இது பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இதுவரை யாரும் அறியாத புது வகை" என்று 1842-ம் ஆண்டில் அறிவித்தார்.

புது வகை என்றால் புதுப் பெயர் வேண்டும் அல்லவா? "ஹையனோடன்" என்று பெயர் வைக்க லுண்ட் நினைத்தார். "கழுதைப்புலிப் பல்" என்பது அதன் பொருள். விசாரித்தபோது, அந்தப் பெயரை 1838-ம் ஆண்டிலேயே பிரான்சில் வேறொரு பழங்கால மிருகத்துக்கு வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது! ஒரு பிராணியின் பெயரை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது. முந்தியவருக்கே உரிமை.

ஆகவே லுண்ட் வேறு பெயரைத் தேர்ந்தெடுத்தார். "ஸ்மைலோடன் பாப்புலேட்டர்" என்பதே அந்தப் பெயர். "ஸ்மைலோடன்" என்றால் கிரேக்க மொழியில் "கத்திப் பல்". "பாப்புலேட்டர்" என்றால் லத்தீன் மொழியில் "நாசம் செய்பவன்". கத்திப் பல் படைத்த நாசகாரன்! பொருத்தமான பெயர்தானே?

விலாசம் எழுதுவது எப்படி?

பிராணிகளுக்கு ஏன் இப்படி இரண்டு இரண்டு பெயர் வைக்கிறார்கள் என்று கேட்கலாம்.

நாம் கடிதத்துக்கு விலாசம் எழுதுகிறோம். மாநிலம், மாவட்டம், ஊர், தெரு, வீடு என்று எழுதினால்தான் கடிதம் சரியான ஆளுக்குப் போய்ச் சேரும். அதுபோல ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு விலாசம் உண்டு. சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் 1758-ம் ஆண்டில் வெளியிட்ட புத்தகத்தில் எல்லாப் பிராணிகளுக்கும் இந்த முறையில் இரட்டைப் பெயர் கொடுத்தார்.

பெரிய பிரிவுக்கு "வரிசை" என்று பெயர். வரிசைக்குள் பல குடும்பங்கள். குடும்பத்துக்குள் பல பேரினங்கள். பேரினத்துக்குள் பல சிற்றினங்கள். இரட்டைப் பெயரில் முதல் பெயர் பேரினம். இரண்டாவது பெயரும் சேர்ந்தால் சிற்றினம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இந்த விலாசத்தைக் கண்டுபிடிப்பது சுலபமான வேலை அல்ல. பெயரைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம்.

நம் கழுதைப்புலியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கழுதையும் அல்ல, புலியும் அல்ல. நாய் மாதிரி இருக்கிறதே, நாய் இனமா என்றால் அதுவும் இல்லை!

மாமிசப் பிராணிகளின் வரிசை, இரண்டு பெரிய பக்கமாகப் பிரிகிறது. ஒன்று பூனைப் பக்கம். மற்றது நாய்ப் பக்கம். பூனைப் பக்கத்தில் பூனை, புலி, சிங்கம் இருக்கின்றன. கீரியும் புனுகுப் பூனையும் அங்கேதான் இருக்கின்றன. கழுதைப்புலியும் அந்தப் பக்கமே. நம் ஊரில் கூரை மேல் ஓடும் மரநாய் இருக்கிறதே, அதுவும் பூனைப் பக்கம்தான். பெயர்தான் நாய்!

நாய்ப் பக்கத்தில் நாய், நரி, ஓநாய், கரடி ஆகியவை உள்ளன. கடற்சிங்கம் என்று ஒரு பிராணி உண்டு. பெயர் சிங்கம். ஆனால் அது நாய்ப் பக்கம்!

பார்த்தீர்களா? வெளுத்ததெல்லாம் பால் அல்ல. புலி என்று பெயர் வைத்ததெல்லாம் புலியும் அல்ல.

அப்படியானால் விஞ்ஞானிகள் எதைப் பார்க்கிறார்கள்? பற்களை எண்ணுகிறார்கள். மனிதனுக்கு 32 பல். நாய்க்கு 42. பூனைக்கு 30. மாமிசத்தைக் கத்தரிக்கும் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். காதுக்கு அடியில் உள்ள எலும்பைப் பார்க்கிறார்கள். நகம் உள்ளே ஒடுங்குமா என்று விரல் எலும்பைப் பார்க்கிறார்கள். இவ்வளவையும் வைத்துத்தான் குடும்பம் இது என்று முடிவு கட்டுகிறார்கள்.

கத்திப் பல் இருந்தால் மட்டும் போதாது. தென் அமெரிக்காவில் தைலக்கோஸ்மைலஸ் என்ற மிருகம் இருந்தது. அதற்கும் இதே போல நீண்ட பல். ஆனால் அது பூனைக்குச் சொந்தமே இல்லை. வயிற்றில் பை உள்ள கங்காரு போன்ற பிராணிகளுக்குத்தான் அது உறவு. வேட்டைத் தொழில் ஒன்றாக இருந்ததால் ஆயுதமும் ஒன்றாக அமைந்தது. கொல்லனும் அரிவாள் வைத்திருக்கிறான், குடியானவனும் அரிவாள் வைத்திருக்கிறான். அதனால் இருவரும் பங்காளிகள் ஆகிவிடுவார்களா?

தார்க் குழியில் 2,000 பூனைகள்

லுண்ட் கண்டுபிடித்தது தென் அமெரிக்காவில். வட அமெரிக்காவிலும் ஸ்மைலோடன் இருந்தது. அங்கே டெக்சாசில் கிடைத்த ஒரு தாடைத் துண்டை வைத்து ஜோசப் லெய்டி என்ற விஞ்ஞானி ஒரு சிற்றினத்தை அறிவித்தார். அதற்கு "பேட்டலிஸ்" என்று பெயர். 1880-ம் ஆண்டில் எட்வர்டு கோப் என்பவர் இன்னொரு சிற்றினத்துக்கு "கிராசிலிஸ்" என்று பெயர் வைத்தார். மெலிந்தது என்று பொருள்.

பிறகு ஆளுக்கு ஒரு பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். கலிபோர்னியாவில் கிடைத்தால் ஒரு பெயர், புளோரிடாவில் கிடைத்தால் ஒரு பெயர்! ஒரே மிருகத்துக்குப் பல பெயர்கள். 1990-ம் ஆண்டில் இரண்டு விஞ்ஞானிகள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். மூன்று சிற்றினங்கள்தான் என்று முடிவு கூறினார்கள்.

மெலிந்த கிராசிலிஸ் மூத்தது. எடை 55 முதல் 100 கிலோ வரை. வட அமெரிக்காவின் பேட்டலிஸ் 160 முதல் 280 கிலோ. தென் அமெரிக்காவின் பாப்புலேட்டர் 220 முதல் 400 கிலோ. இன்றைய பெரிய புலியையும் மிஞ்சும் எடை!

ஸ்மைலோடனைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு ஒரு முக்கிய காரணம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். ஆம், சினிமாவுக்குப் பெயர் போன அதே நகரம்தான். அங்கே லா பிரியா என்ற இடத்தில் பூமிக்குள் இருந்து தார் கசிந்து வருகிறது. "பிரியா" என்றால் ஸ்பானிய மொழியில் தார் என்றே பொருள்.

பழங்காலத்தில் ஏதாவது ஒரு காட்டெருமை அந்தத் தாரில் கால் வைக்கும். ஒட்டிக்கொள்ளும். கத்தும். சத்தம் கேட்டு, "நல்ல இரை!" என்று ஸ்மைலோடன் பாயும். அதுவும் ஒட்டிக்கொள்ளும். அதைத் தின்ன வந்த ஓநாயும் ஒட்டிக்கொள்ளும்!

இப்படியே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்தது. அதனால் அங்கே தின்னப்பட்ட மிருகங்களைவிடத் தின்ன வந்த மிருகங்களின் எலும்புகளே அதிகம். ஸ்மைலோடன் மட்டும் 2,000-க்கும் மேல்! தாரில் ஊறிய எலும்புகள் கெடாமல் பத்திரமாக இருக்கின்றன. அந்த இடத்தில் 1977-ம் ஆண்டில் ஒரு மியூசியமும் திறந்தார்கள்.

கடிப்பதில் சிங்கத்திடம் தோற்கும்!

இவ்வளவு பெரிய பல் உள்ள மிருகம் எவ்வளவு பலமாகக் கடித்திருக்கும் என்று நினைக்கிறோம். 2007-ம் ஆண்டில் கம்ப்யூட்டர் மூலம் கணக்குப் போட்டார்கள். விடை என்ன தெரியுமா? அதன் கடி, சிங்கத்தின் கடியில் மூன்றில் ஒரு பங்குதான்!

பிறகு எப்படி வேட்டை ஆடியது? அதன் பலம் தோளிலும் முன்னங்காலிலும் இருந்தது. மல்யுத்த வீரன் போல முதலில் இரையைக் கீழே தள்ளும். அசையாமல் அமுக்கிப் பிடிக்கும். பிறகு வாயை அகலமாகத் திறக்கும். சிங்கம் திறப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமாகத் திறக்கும். கழுத்தில் கத்தியை இறக்கும். முடிந்தது!

அமுக்கிப் பிடிக்காமல் கடித்தால் ஆபத்து. இரை திமிறினால் பக்கவாட்டில் பல் ஒடிந்துவிடும். கத்தி கூர்மைதான். ஆனால் நெம்பினால் ஒடியும் அல்லவா?

ஓடுவதில் அது கெட்டி இல்லை. உடம்பு கட்டை. வாலும் கட்டை. ஆகவே மறைந்திருந்து பாய்வதே அதன் வழக்கம்.

அதன் குட்டிகளுக்கு முதலில் பால் பல் முளைக்கும். பிறகு கத்திப் பல் முளைக்கும். மாதம் 6 மில்லி மீட்டர் வீதம் வளர்ந்தது என்று 2015-ம் ஆண்டில் கணக்கிட்டார்கள். அது முழுதாக வளர்ந்து முடியச் சுமார் 3 வயது ஆகும்.

நொண்டிப் பூனைக்குச் சோறு போட்டது யார்?

லா பிரியாவில் கிடைத்த எலும்புகளில் ஒன்று, ஆராய்ச்சியாளர்களைத் திகைக்க வைத்தது. அது ஒரு ஸ்மைலோடனின் இடுப்பு எலும்பு. கோணிப்போய் இருந்தது. ஏதோ சண்டையில் அடிபட்டிருக்கிறது என்று முதலில் நினைத்தார்கள்.

2021-ம் ஆண்டில் அந்த எலும்பை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அடிபட்டது அல்ல. பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை. அந்தப் பிராணி பிறந்தது முதல் நொண்டி! ஆனாலும் அது முழு வளர்ச்சி அடைந்து, பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது.

நொண்டிக் காலுடன் ஒரு காட்டெருமையைத் தள்ளி வீழ்த்த முடியுமா? பிறகு எப்படி அது உயிர் வாழ்ந்தது? "ஸ்மைலோடன் கூட்டமாக வாழ்ந்திருக்க வேண்டும். மற்றவை வேட்டை ஆடிய இரையில் நொண்டிக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டும்" என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

நாசகாரன் என்று பெயர் வைத்தோம். அந்த நாசகாரன் வீட்டிலும் இரக்கம் இருந்திருக்கலாம்!

புலிக்கு உறவா, இல்லையா?

மீண்டும் விலாசத்துக்கு வருவோம். பூனைக் குடும்பம் என்று லுண்ட் சொன்னது சரி. ஆனால் அந்தக் குடும்பத்தில் எந்தக் கிளை? புலி, சிங்கத்தின் கிளையா?

எலும்பைப் பார்த்த பலர் "தனிக் கிளை" என்றார்கள். 1992-ம் ஆண்டில் எலும்பில் மிஞ்சியிருந்த மரபணுவை எடுத்துச் சோதித்த சிலர், "இன்றைய பெரிய பூனைகளுக்கு நெருக்கம்" என்றார்கள். வழக்கு நீடித்தது.

2005-ம் ஆண்டில் வேறு எலும்புகளை வைத்து மறுபடி சோதித்தார்கள். 2017-ம் ஆண்டில் மேலும் நுட்பமாகச் சோதித்தார்கள். தீர்ப்பு வந்தது. ஸ்மைலோடனின் மூதாதையும், இன்றுள்ள பூனைகளின் மூதாதையும் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பாகம் பிரிந்துவிட்டார்கள்!

அதாவது, புலியும் உங்கள் வீட்டு அடுப்பங்கரைப் பூனையும் நெருங்கிய சொந்தம். ஸ்மைலோடனோ இருவருக்கும் ஒன்று போலத் தூரத்துச் சொந்தம். புலியை "வாள் பல் புலி"யின் வாரிசு என்று சொன்னால், அது பூனைக்கும் பொருந்தும். அவ்வளவுதான் உறவு.

பனியில் உறைந்த குட்டி

வாள் பல் கிளையில் ஸ்மைலோடன் மட்டும் இல்லை. இன்னும் பல பேரினங்கள் இருந்தன. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று எங்கும் பரவி இருந்தன. இந்தியாவில், இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளிலும் அந்தக் கிளையின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன.

2020-ம் ஆண்டில் ரஷியாவின் வட கோடியில், பதியாரிகா என்ற ஆற்றங்கரையில் ஓர் அதிசயம் கிடைத்தது. உறைந்த மண்ணுக்குள் ஒரு குட்டியின் உடல்! எலும்பு மட்டும் அல்ல. தோல், ரோமம், மீசை, பாதம் எல்லாம் அப்படியே இருந்தன. அது ஹோமோதீரியம் என்ற வாள் பல் பேரினத்தின் குட்டி. பிறந்து 3 வாரமே ஆனது. இறந்து 35,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

2024-ம் ஆண்டில் அதைப் பற்றிய ஆராய்ச்சி வெளியாயிற்று. அதே வயதுச் சிங்கக் குட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாய் பெரிது. காது சிறிது. கழுத்து தடிமன். பாதம் அகலம். ரோமம் கரும்பழுப்பு நிறம். சிங்கக் குட்டி போலவே இல்லை! எலும்பும் மரபணுவும் சொன்னதை அந்தச் சின்னஞ்சிறு உடம்பும் சொல்லிவிட்டது.

பெட்டி பெட்டியாகப் போன எலும்புகள்

லுண்ட் 1845-ம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை நிறுத்தினார். தாம் சேர்த்த எலும்புகளை டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டார். 12,000-க்கும் அதிகமான எலும்புகள்! இன்றும் கோபன்ஹேகன் மியூசியத்தில் அவை இருக்கின்றன. மேதை டார்வின், 1859-ம் ஆண்டில் வெளியிட்ட தம் புகழ் பெற்ற புத்தகத்தில் அந்தச் சேகரிப்பை வியந்து குறிப்பிட்டார்.

எலும்புகள் ஊர் போய்ச் சேர்ந்தன. லுண்ட் போகவில்லை. அதே லாகோவா சாந்தாவில் மேலும் 35 ஆண்டுகள் வாழ்ந்து, 1880-ம் ஆண்டில் காலமானார். நோய்க்குப் பயந்து ஓடி வந்தவர் 78 வயது வரை வாழ்ந்தார்!

பெயரில் என்ன இருக்கிறது?

"புலி என்றால் என்ன, பூனை என்றால் என்ன? செத்துப்போன மிருகம்தானே?" என்று கேட்கலாம்.

அதில்தான் விஷயம் இருக்கிறது. வாள் பல் "புலி" என்று சொன்னால், "சரி, பழைய புலி போயிற்று. புதுப் புலி இருக்கிறதே" என்று தோன்றும். உண்மை அப்படி அல்ல. 2 கோடி ஆண்டுகளாகத் தனியே தழைத்த ஒரு கிளை, அடியோடு முறிந்துவிட்டது. அதற்கு வாரிசே இல்லை.

கடைசி ஸ்மைலோடன்கள் மறைந்து சுமார் 10,000 ஆண்டுகள் ஆகின்றன. லா பிரியா பகுதியில் அதற்கும் முன்னதாகவே, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்பு மறைந்துவிட்டன. அந்தக் காலத்தில் தட்ப வெப்பம் மாறியது. மனிதர்கள் பரவினார்கள். காட்டுத் தீ அதிகமாயிற்று. அமெரிக்காவில் இருந்த குதிரை, ஒட்டகம், பெரிய யானை எல்லாம் அழிந்தன. இரை போயிற்று. இரையை நம்பி இருந்த கத்திப் பல்லும் போயிற்று. எவ்வளவு நீளப் பல் இருந்தும் பசியைக் கடிக்க முடியுமா?

பூனைக் குடும்பத்தில் மிஞ்சி இருப்பது மற்றக் கிளை மட்டுமே. நம் புலி அந்தக் கிளையைச் சேர்ந்தது. 2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த புலிகள் சுமார் 3,682. ஒரு கிராமத்தின் ஜனத்தொகை அவ்வளவுதான்!

அடுத்த முறை மிருகக்காட்சி சாலைக்குப் போனால், புலிக் கூண்டின் முன் சற்று நின்று பாருங்கள். குழந்தைகள், "இதன் தாத்தாதானே வாள் பல் புலி?" என்று கேட்பார்கள்.

"இல்லை கண்ணே. அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. இந்த வீட்டில் இவர்கள் இருக்கிறார்கள். இவர்களையாவது காப்பாற்ற வேண்டும்" என்று சொல்லுங்கள்.